எழுத்து தெரியும், படிக்க வராது!

மூன்றாம் வகுப்புப் பையன். "கொ... ய்... யா... ப்... ப... ழ... ம்" என்று கூட்டுகிறான். "ம்" வருவதற்குள் "கொ" மறந்து போகிறது! "படிப்பில் அக்கறை இல்லை" என்று வீட்டில் திட்டு விழுகிறது.

அக்கறையா காரணம்?

"கொ"வைப் பாருங்கள். முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் "க". ஆனால், வாயில் முதலில் வருவது "க்" ஓசை. கண் ஒரு வழி, வாய் ஒரு வழி! "பம்பரம்" என்பதில் இரண்டு "ப". இரண்டுக்கும் ஒரே ஓசையா? சொல்லிப் பாருங்கள்.

பொருளும் புரிய வேண்டுமே! வீட்டில் "வந்துக்கிட்டிருக்காங்க". புத்தகத்தில் "வந்துகொண்டிருக்கிறார்கள்". குழந்தைக்கு அது புதுச்சொல்.

இந்தச் சங்கடம் என்றும் உள்ளதுதான். கொரோனா அதைப் பெரிதாக்கியது. தமிழ்நாட்டில் 2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தது 2021 நவம்பர் 1-ந்தேதி. அதற்குள் இரண்டாம் வகுப்பு! எழுத்துக் கூட்டிப் பழக வேண்டிய ஆண்டு வீட்டோடு போயிற்று.

2022 ஜூனில் அரசு "எண்ணும் எழுத்தும்" திட்டத்தைத் தொடங்கியது. முதலில் மூன்றாம் வகுப்பு வரைதான். அந்தக் குழந்தைகள் அப்போது மூன்றாம் வகுப்பு. கடைசி வண்டியைப் பிடித்தார்கள்!

அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். மூன்றாம் வகுப்பானாலும், எழுத்து வராத குழந்தைக்கு "அரும்பு" பாடம்தான்.