மதிப்பெண் குறைந்த பிள்ளையும் வடிவமைப்புக் கல்வியும்

சென்ற ஆனித் திங்களில் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கலைந்த பின்னர், மணிநகரிலிருந்து வந்திருந்த அன்பர் ஒருவர் நமது வாசகசாலையின் வாயிலில் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார். இருமுறை அழைத்த பிறகே உள்ளே வந்து அமர்ந்தார். அவர் கையிலிருந்த உறையினுள் மகளின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் இருந்தது. வணிகவியல் பிரிவு; நூற்றுக்கு 54.

“பிள்ளைக்குப் படம் வரைவதைத் தவிர வேறொன்றிலும் நாட்டமில்லை. டிசைன் படிக்க வேண்டும் என்கிறாள். இந்த மார்க்கை வைத்துக்கொண்டு எந்தக் கல்லூரிப் படியை ஏறுவது?” என்று கேட்டார். தரகர் ஒருவர் தனியார் கல்லூரி ஒன்றில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கேட்கும் தொகை சில இலட்சம். ஊரில் பாட்டனார் விட்டுச் சென்ற அரை ஏக்கர் நிலத்தை அடமானம் வைப்பது என்று அன்பர் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார். நம்மிடம் கையெழுத்துக்குச் சாட்சி கேட்கவே வந்திருந்தார். யோசனை கேட்க அல்ல.

“ஆற்றுக்கு அக்கரையில், பால்டியில், தேசிய வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறதே, அங்கே விசாரித்தீர்களா ஐயா?” என்றோம்.

அவர் சிரித்தார். இருபது ஆண்டுகளாக அதன் மதிலை ஒட்டிப் பேருந்தில் போய் வருகிறாராம். “அது தொண்ணூற்றைந்து வாங்கிய பிள்ளைகள் போகும் இடமல்லவா?” என்றார்.

இவ்வெண்ணம் அவர் ஒருவருக்கே உரியதன்று. ஆலைகள் ஓடிய காலத்திலிருந்து நம்மவர் இந்நகரில் வாழ்ந்து வருகின்றனர். ஆற்றின் கீழ்க்கரையில் நாம், மேற்கரையில் அந்நிறுவனம். இடையே பாலங்கள் பல இருந்தும் நம் பிள்ளைகள் அவ்வாயிலைக் கடந்து உள்ளே சென்றதாக நாம் அறிந்தது மிகச் சொற்பம்.

ஆகவே சிறிது வரலாறு. 1958-இல் இந்திய அரசின் அழைப்பின்பேரில் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்நாட்டைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை அளித்தனர். அதன் வழியே 1961-இல் ஆமதாபாத்தில் இந்நிறுவனம் தோன்றியது. தாங்கள் கண்டு வியந்த பொருள்களில் தலைசிறந்ததாக அவர்கள் அவ்வறிக்கையில் எடுத்துப் பேசியது மாளிகையையோ சிற்பத்தையோ அன்று. நம் வீட்டுச் செம்பை. அதன் கழுத்து, வாய், எடை, இடுப்பில் ஏந்தும்போது அது பொருந்தும் வகை, நீர் வார்க்கும்போது கை திரும்பும் பாங்கு என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தனர். ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த பித்தளைச் செம்பு இன்று பல இல்லங்களில் சில்லறைக் காசு போடும் பாத்திரமாகி விட்டது என்பது வேறு செய்தி.

செம்பைப் பார்க்கத் தெரிந்த கண்ணைத் தேடும் கல்வி, வணிகவியல் வினாத்தாளின் மதிப்பெண்ணை அளவுகோலாகக் கொள்ளுமா? கொள்வதில்லை. நான்காண்டு வடிவமைப்புப் பட்டப் படிப்புக்கு அந்நிறுவனம் கேட்பது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி. எந்தப் பிரிவாயினும் சரியே. அதன்பின் யாவும் நுழைவுத் தேர்வைப் பொறுத்தவை. முதற்கட்டத் தேர்வில் தேறியவர்களை இரண்டாம் கட்டத்துக்கு அழைத்துச் சோதிப்பர். பள்ளி விழுக்காடு தரவரிசையில் சேர்வதில்லை. 54 பெற்றவளும் 94 பெற்றவளும் அங்கே ஒரே வரிசையில் நிற்பர். ஆந்திரம், அரியானா, மத்தியப் பிரதேசம், அசாம் ஆகிய இடங்களிலும் இப்பெயர் தாங்கிய நிறுவனங்கள் உள்ளன. அவற்றுக்கும் அதே தேர்வுதான்.

மும்பை, கௌகாத்தி, தில்லி, ஐதராபாத் முதலிய இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் வடிவமைப்புப் பட்டத்துக்கு ‘யூசீட்’ என்னும் தேர்வை மும்பைக் கழகம் நடத்துகிறது. ஐ.ஐ.டி. என்ற சொல்லைக் கேட்டதுமே நம் வீடுகளில் இயற்பியலும் வேதியியலும் கண்முன் வந்து நிற்கும். இத்தேர்வில் அவ்விரண்டும் பாடமாக இல்லை. ஒரு பகுதி கணினியில். உருவங்களை மனத்தில் திருப்பிப் பார்ப்பது, கூர்ந்து நோக்குவது, தருக்கம், மொழி, சுற்றுப்புற அறிவு ஆகியவை. மற்றொரு பகுதி தாளில் கையால் வரைவது. கலை, வணிகவியல் பயின்றோரும் எழுதலாம். ஆயினும் சேரும் கழகம் எதுவோ அதன் விதியைத் தனியே படித்தல் வேண்டும். கணிதம் பயின்றிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனை ஓரிடத்தில் இருக்கும், மற்றோரிடத்தில் இராது. ஆடை, துணி சார்ந்த வடிவமைப்பில் விருப்பமுள்ளோர்க்கு ‘நிஃப்ட்’ உண்டு. காந்திநகரிலும் சென்னையிலும் அதன் வளாகங்கள் உள. அங்கும் பன்னிரண்டில் தேர்ச்சியும் நுழைவுத் தேர்வுமே கணக்கு. பரோடாவில் 1950-இல் நிறுவப்பெற்ற நுண்கலைப் பிரிவும், 1850-இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை நுண்கலைக் கல்லூரியும் கைத்திறனைச் சோதித்தே மாணவரைச் சேர்த்துக்கொள்பவை. இந்நகர நிறுவனத்தைக் கட்டி வளர்த்தவர்களுள் ஒருவரான தசரத் படேல் என்னும் குஜராத்தியர், இளமையில் ஓவியம் பயில இங்கிருந்து சென்னைக் கல்லூரிக்கே சென்றார். அவர் வந்த வழி நமக்கும் திறந்திருக்கிறது.

இவ்வளவையும் கேட்ட அன்பரின் முகம் தெளிந்தது. “அப்படியானால் நாளைக்கே விண்ணப்பம் போடலாமா?” என்றார்.

இங்கேதான் நாம் தலைகுனிய நேர்ந்தது. இத்தேர்வுகளுக்கான விண்ணப்பம் பொதுவாக முந்திய ஆண்டின் மழைக்காலம் முடியும் தறுவாயில் தொடங்கி, தேர்வுகள் மார்கழி, தை மாதங்களை ஒட்டி நடந்து முடிந்துவிடுகின்றன. மதிப்பெண் பட்டியல் கைக்கு வருவதோ வைகாசியில். நமது இப்பகுதியோ ஆண்டுதோறும் ஆனி இதழில்தான் மேற்படிப்பைப் பற்றி எழுதி வந்திருக்கிறது. அதாவது, கதவு சாத்தப்பட்ட ஐந்து மாதம் கழித்துக் கதவின் அழகை வருணித்து வந்திருக்கிறோம். இதனை எவரும் இதுவரை சுட்டிக்காட்டவில்லை. சுட்டிக்காட்டும் அளவுக்கு இதைப் படித்தோர் உளரா என்பதும் ஐயமே. எனவே இவ்வாண்டு முதல் ஆவணியில் எழுதத் துணிந்தோம்.

அவ்வாறாயின் அப்பெண்ணுக்கு ஓராண்டு காத்திருத்தல் வேண்டும். யூசீட் தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இருமுறை எழுத இடமளிக்கின்றனர். மற்றவற்றிலும் வயது வரம்பு உண்டேயாயினும், பள்ளியை உரிய வயதில் முடித்தவருக்கு ஓராண்டு இடைவெளியால் பெரும்பாலும் இடர் நேர்வதில்லை. விதியின் பக்கம் தடையில்லை. தடை வீட்டில் இருந்தது. அடுத்த ஞாயிறன்று தாயார் தாமே வந்தார். “ஐயா, ஒரு வருஷம் வீட்டில் இருந்தாள் என்றால் அவர் தமக்கை வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவார்கள். பிறகு நானும் தடுக்க முடியாது, அவரும் தடுக்கமாட்டார்” என்றார். நிலத்தை அடமானம் வைத்தேனும் இவ்வாண்டே சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரம் எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

பெண்ணையும் உடன் அழைத்து வந்திருந்தார். அவள் பேசவில்லை; ஒரு குறிப்பேட்டைத் தந்தாள். அதில் திரைப்பட நடிகர் முகங்கள் சில இருந்தன. அவை நம்மைக் கவரவில்லை. நடுவே ஏழெட்டுப் பக்கங்கள் முழுதும் ஒரே ஒரு காய்கறித் தள்ளுவண்டி. இந்நகரில் நாமும் ‘லாரி’ என்றே அழைக்கப் பழகிவிட்ட அதே வண்டி. காலையில் நிழல் விழும் பக்கம், மாலையில் விழும் பக்கம், குடையை நிறுத்த அக்கடைக்காரர் கல்லையும் கயிற்றையும் பயன்படுத்தும் விதம், தராசைத் தொங்கவிட இடமின்றி அவர் படும் பாடு எல்லாம் வரையப்பட்டிருந்தன. கடைசிப் பக்கத்தில் தராசுக்கு ஒரு கொக்கி. அது சரியான கொக்கிதானா என்று நமக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஏழு நாள் ஒரு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை அவள்.

தாயாரிடம் நாம் கூறிய யோசனை இது. அருகிலுள்ள கல்லூரியில் பி.காம். வகுப்பில் இவ்வாண்டே சேர்த்துவிடுக. அதற்கு அவள் மதிப்பெண் போதும், செலவும் குறைவு. “பெண் கல்லூரிக்குப் போகிறாள்” என்ற சொல் உறவினருக்குப் போதுமானது. அங்கிருந்தபடியே தேர்வுகளை எழுதட்டும். கிட்டாமற்போனால் பட்டத்தை முடித்துவிட்டு, முதுநிலை வடிவமைப்புக்குரிய ‘சீட்’ தேர்வை எழுதலாம். மூன்றாண்டுக்குக் குறையாத பட்டம் எதுவாயினும் அதற்குப் போதும், வயது வரம்பில்லை, எத்தனை முறை வேண்டுமாயினும் எழுதலாம். சில கழகங்கள் அப்போது பட்டப் படிப்பின் மதிப்பெண்ணையும் பார்ப்பதுண்டு, ஆதலின் பி.காம். தானே என்று அலட்சியமாய் இருத்தல் கூடாது என்பதைப் பெண்ணிடம் சற்று உரக்கவே சொன்னோம்.

இந்திய ரூபாயின் குறியீட்டை வரைந்த உதயகுமார் தமிழர் என்பதை நேயர்கள் அறிவர். அவர் சென்னையில் கட்டடக் கலை பயின்று, பின்னர் மும்பைக் கழகத்தின் வடிவமைப்பு மையத்தில் முதுநிலையும் ஆய்வும் செய்தவர். தமிழ் அச்செழுத்தின் வளர்ச்சியே அவரது ஆய்வுப் பொருள். 2010-இல் அக்குறியீடு ஏற்கப்பட்டது. வேறொரு பட்டத்துக்குப் பின் வடிவமைப்புக்கு வருவது இழிவான வழியன்று என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டோம்.

புலம்பெயர்ந்த குடும்பங்கள் தடுமாறும் இடம் மற்றொன்றுண்டு, அது சான்றிதழ். மத்திய நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோர்க்கு 27 விழுக்காடும், பட்டியல் சாதியினர்க்கு 15 விழுக்காடும், பழங்குடியினர்க்கு 7.5 விழுக்காடும், பொருளாதாரத்தில் நலிந்த பிறர்க்கு 10 விழுக்காடும் இட ஒதுக்கீடு உண்டு. தமிழ்நாட்டுப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோராக உள்ள வகுப்பினர் யாவரும் மத்தியப் பட்டியலில் இடம் பெற்றிருப்பர் என்று எண்ணிவிடலாகாது, பார்த்தறிதல் வேண்டும். சான்றிதழும் மத்திய அரசு வகுத்த படிவத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்ற உறுதியுடன், அவ்வாண்டுக்குரியதாக இருத்தல் வேண்டும். இங்குள்ள மாம்லத்தார் அலுவலகத்தில் கேட்டால், தந்தையார் பெயரில் ஊர்த் தாசில்தார் கொடுத்த பழைய சான்றிதழைக் காட்டு என்பர். அதுவோ ஊரில் எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ! தீபாவளிக்கு ஊர் செல்வோர் முதல் வேலையாக அதனைத் தேடி எடுத்து வருக. பட்டியல் சாதியினர் இன்னொன்றையும் அறிதல் நலம். குடிபெயர்ந்த மாநிலத்தின் ஒதுக்கீடு அவர்களுக்குக் கிட்டாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆனால் மத்திய நிறுவனங்களில் அவர்தம் உரிமை குன்றுவதில்லை. சென்னைக் கல்லூரியை நாடுவோர் தமிழ்நாட்டுப் பிறப்பிடச் சான்றிதழையும் முன்னரே பெற்று வைத்தல் நன்று.

தனியார் கல்லூரிகளை நாம் முற்றாகக் கடியவில்லை. அவற்றுள் நல்லனவும் உண்டு. ஆயினும் பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் எது, அது அரசின் ஒப்புதல் பெற்றதா, நான்காண்டுக்கும் சேர்த்து மொத்தச் செலவு என்ன, சென்ற ஆண்டு முடித்தவர் இருவரின் முகவரி தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். இடைத்தரகர் ஒருவரின் தயவில்தான் இடம் கிடைக்கும் என்றால் அவ்விடம் வேண்டாம்.

மற்றொரு சொல்லையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மதிப்பெண் பார்ப்பதில்லை என்பதனால் தேர்வு எளிதென்று எவரும் கருத வேண்டா. இடங்கள் சில, எழுதுவோர் பல்லாயிரவர். படிப்பு வராத பிள்ளைக்கு வடிவமைப்பு என்று ஒரு பேச்சு நம்மிடையே பரவி வருகிறது. அது தவறு. பென்சிலைத் தொட விரும்பாத பிள்ளையை அங்கே அனுப்புவது, கணக்கு வராத பிள்ளையைப் பொறியியலுக்கு அனுப்பியதன் மறுபதிப்பாகவே முடியும். பயிற்சி நிலையங்களுக்குப் பெருந்தொகை கட்டுமுன் முந்திய ஆண்டுகளின் வினாத்தாள்களை இணையத்தில் எடுத்துப் பாருங்கள்; யூசீட் வினாத்தாள்கள் அதன் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அப்பெண் இப்போது பி.காம். முதலாண்டில் இருக்கிறாள். காலையில் கல்லூரி, மாலையில் காலூப்பூர் நிலையத்தருகே எதையாவது வரைந்துகொண்டிருப்பதாகத் தாயார் சொல்கிறார். தந்தையார் நிலப் பத்திரத்தை ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டார். ஆனால் நம்மீது அவருக்குச் சிறிது மனத்தாங்கல் இருக்கிறது. தை மாதம் வரை அது நீடிக்கும் என்றே எதிர்பார்க்கிறோம்.

ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் வாசகசாலையின் பின்னறை இத்தேர்வுகளை எழுத விரும்பும் பிள்ளைகளுக்காகத் திறந்திருக்கும். இதுவரை மூவர் வருகின்றனர். வரைபலகை இரண்டே உள்ளது. வீட்டில் பயன்படாத மேசையோ பலகையோ வைத்திருப்போர் காரியதரிசியிடம் தெரிவித்தால், நாமே வண்டி கொண்டுவந்து எடுத்துக்கொள்கிறோம்.