தூண் வச்சா ஊர் ஆயிடுமா?

இங்கிலாந்தில் டார்செஸ்டர் என்கிற சின்ன நகரத்தை ஒட்டி, 1993-ல் வயல்வெளியில் ஒரு புது ஊர் கட்ட ஆரம்பித்தார்கள். பெயர் பவுண்ட்பரி. நிலம் கார்ன்வால் டச்சியுடையது. அதாவது அப்போதைய இளவரசர், இப்போதைய மன்னர் சார்லஸ் வசம் இருந்த எஸ்டேட் (2022-க்குப் பிறகு அது மகன் வில்லியமிடம்). ஊருக்குப் பிளான் போட்டவர் லியோன் க்ரியர்.

அன்றிலிருந்து கிண்டலுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பக்கம் கிரேக்கத் தூண், பக்கத்திலேயே கிராமத்துக் கல்வீடு... எல்லாம் நேற்றுக் கட்டியது! சினிமா செட் என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பழசு மாதிரி வேஷம் கட்டினால் பழசாகிவிடாதே.

ஆனால் கிண்டலடிப்பவர்கள் முகப்பைப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். விஷயம் இருப்பது தெருவில். தெருக்களை வேண்டுமென்றே வளைத்து, திருப்பத்தில் எதிரே வருவது தெரியாதபடி வைத்திருக்கிறார்கள். எச்சரிக்கைப் பலகைகளும் கிடையாது. கார்க்காரர் பயந்துபோய்த் தானாகவே மெதுவாகப் போவார். வண்டி நிறுத்துவது பெரும்பாலும் வீட்டுக்குப் பின்னால் உள்ள பொது முற்றத்தில். அதனால் வாசற்கதவு நேராகத் தெருவில் திறக்கிறது. மனிதர் முகம் மனிதருக்குத் தெரிகிறது.

இதைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. வீடுகளில் சுமார் 35 சதவீதம் வசதி குறைந்தவர்களுக்கு. அவர்களைக் கடைசித் தெருவில் தனி பிளாக் கட்டி ஒதுக்கவில்லை; மற்ற வீடுகளுக்கு நடுவிலேயே கலந்து வைத்தார்கள். வெளியே நின்று பார்த்தால் எது எந்த வகை என்று சொல்ல முடியாது. காலை உணவுத் தானியம் தயாரிக்கும் ஆலைகூட அந்த ஊருக்குள்ளேயே வந்தது. நடந்து போகிற தூரத்தில் வேலை, கடை, வீடு மூன்றும் இருந்தால்தான் பகல் நேரத்திலும் தெருவில் ஆள் இருக்கும். தூணையெல்லாம் எடுத்துவிட்டாலும் இது நிற்கும்.

முதலில் கட்டிய பம்மரி சதுக்கமே இதற்குச் சாட்சி. 'பம்மரி' என்பது பவுண்ட்பரி என்ற பெயரை அந்த வட்டாரத்து ஜனங்கள் உச்சரித்த விதம். தூண்கள் மேல் நிற்கும் சின்ன மண்டபம், ஒரு கடை, ஒரு பப். அவ்வளவுதான், அளவாக இருக்கிறது. பிறகு வந்த ராணித்தாய் சதுக்கம் நேர் எதிர். அரண்மனை மாதிரிக் கட்டிடம், சூப்பர் மார்க்கெட், 2016-ல் எலிசபெத் ராணியே வந்து திறந்துவைத்த சிலை, சுற்றிலும் நிறுத்திய கார்கள். பிரம்மாண்டம்தான், ஆனால் யார் அங்கே உட்கார்ந்து கதை பேசுவார்கள்?

உண்மையான குறை வேறு. தெருவில் தெரிகிற மாதிரி டிஷ் ஆன்டெனா வைக்கக்கூடாது என்பது போல ஏகப்பட்ட விதிகள். குடியிருப்பவர் தன் இஷ்டத்துக்கு வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்ற முடியாது. முதல் தலைமுறைக்கு அந்தக் கட்டுப்பாடு தேவைப்பட்டிருக்கலாம். அங்கேயே பிறந்த பிள்ளைகள் இப்போது பெரியவர்களாகிவிட்டார்கள். தங்கள் கதவுக்கு என்ன நிறம் என்பதையாவது அவர்களிடம் விட்டுவிடலாமே!