தாயார் மீண்டும் நடக்கையில்

இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து தாயார் உங்கள் மும்பை வீட்டிற்குத் திரும்பியுள்ளாரா? ஒற்றை அறை வீட்டில் முதல் இடர் தரையே. சம்மணமிடுதலும் குந்தும் கழிப்பறையும் வேண்டாம். இடுப்பு 90 பாகைக்கு மேல் மடங்கினால் புதிய மூட்டு நழுவக்கூடும். முழங்காற்படியிட்டே பழகியவர், மருத்துவர் அனுமதிக்கும்வரை, உயரமான நாற்காலியில் அமர்ந்து ஜெபிக்கட்டும்.

படியேறுகையில் நல்ல கால் முந்தட்டும். இறங்குகையில் அறுவை செய்த கால்.

பயிற்சியாளர் வந்துபோகும் அரைமணி நேரம் போதாது. படுக்கையிலும் கணுக்கால்களை அடிக்கடி மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். இரத்தம் உறையாதிருக்க அது உதவும். வேலை முடிந்து அயர்ந்துறங்கும் மகனை எழுப்பக் கூசி, இருளில் வாக்கரின்றி எழுவார் தாயார். விளக்கை அணைக்காதீர்கள், அருகிலேயே படுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.