கருப்பட்டியை மருந்தாக்காதீங்க, பனையேறிக்குக் காசு கொடுங்க

1/ முதலில் கசப்பான செய்தி. சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான். பதநீர் இனிப்பில் பெரும்பகுதி சுக்ரோஸ். கரும்புச் சாற்றில் இருப்பதும் அதேதான். தாது உப்புகள் கொஞ்சம் கூடுதல், உண்மை. ஆனா காபிக்குப் போடுற ஒரு ஸ்பூனில் அது கணக்கிலேயே வராது.

2/ உடனே "பாரம்பரியத்தைக் கேவலப்படுத்துறீங்களா?"ன்னு சண்டைக்கு வராதீங்க. எனக்கும் கருப்பட்டி உசுரு. சுக்குக் காபியும் ஓலைக் கொழுக்கட்டையும் சீனியில் செஞ்சா அந்த ருசி வருமா? ருசிக்காகச் சாப்பிடுங்க. அதுவே போதுமான காரணம்.

3/ என் கோபம் 'சுகருக்கு நல்லது'ன்னு விக்கிறவங்க மேல. அந்தப் பொய்யால கேட்பு கூடுது. ஆனா பனை பதநீர் தர 15 வருஷத்துக்கு மேல ஆகும்; சீசனும் சில மாசம்தான். அப்போ கூடுதல் சரக்கு எங்கிருந்து வருது? வெள்ளைச் சர்க்கரையைக் காய்ச்சி, நிறம் ஏத்தி, சிரட்டையில ஊத்தினா அதுவும் கருப்பட்டி மாதிரியேதான் இருக்கும்.

4/ கணக்குப் போடுங்க. ஒரு கிலோவுக்குச் சுமார் 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேணும். அதுக்கு ஒருத்தர் தினம் ரெண்டு வேளை மரம் ஏறணும், பாளை சீவணும், கலயத்துல சுண்ணாம்பு தடவணும். வீட்டுப் பெண்கள் விறகடுப்புப் புகையில மணிக்கணக்கா காய்ச்சணும். இத்தனைக்கும் பிறகு வெல்லம் விலைக்கே கிடைக்குதுன்னா ஒண்ணு அது போலி, இல்ல ஏறினவர் வயித்துல யாரோ அடிச்சிருக்காங்க.

5/ பனையிலிருந்து விழுந்தா என்ன ஆகும்னு மருத்துவரா சொல்றேன். தண்டுவடம் அறுந்தா இடுப்புக்குக் கீழே உணர்வே இருக்காது. சிறுநீருக்கு டியூப். படுக்கைப் புண். சம்பாதிச்சவர் படுத்துட்டா அந்த வீடே படுத்துடும். இந்த ஆபத்துக்கான கூலியும் கிலோ விலைக்குள்ள இருக்கணும்.

6/ பனைக்குத் தண்ணி பாய்ச்ச வேண்டாம், யூரியா வேண்டாம். நம்ம மாநில மரம். வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவிச்சாங்க. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் வந்தது. எல்லாம் சரி, ஏற ஆள் வேணுமே? கூலி கட்டுப்படியாகாத தொழிலுக்குப் பிள்ளைங்க எப்படி வருவாங்க?

7/ "அந்த விலைக்கு எங்களால முடியுமா டாக்டர்?" நியாயமான கேள்வி. உங்க உடம்புக்கும் பனையேறி குடும்பத்துக்கும் ஒரே மருந்துச்சீட்டுதான்: கம்மியா வாங்குங்க, அசலா வாங்குங்க. மாசம் ரெண்டு கிலோ போலிக்குப் பதிலா கால் கிலோ அசல் போதும். சர்க்கரை நோய் இருந்தா அதுவும் உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான்.

8/ முடிஞ்சா பனையேறிகிட்டயே நேரா வாங்குங்க, பேரம் பேசாம. கடையில வாங்கினா, "இது யார் இறக்கினது? அவருக்கு எவ்வளவு கொடுத்தீங்க?"ன்னு கேளுங்க. பதில் சொல்லத் தெரியாத கடைக்காரர் எதை விக்கிறார்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.