கடல் கடந்த தீர்ப்பு உள்ளூர் மனையைப் பிரிக்குமா?

ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டிப் படிக்கவைத்த பிள்ளை இன்று அமெரிக்காவில் வேலை பார்ப்பது அதிசயமல்ல. கல்யாணம் இங்கே, குடித்தனம் அங்கே. மனம் கசந்து பிரிந்தால் வழக்கு எங்கே?

1991-ல் சுப்ரீம் கோர்ட் இதற்கு வழி காட்டியது. 1975-ல் திருப்பதியில் மணம் முடித்த ஒருவர், 1980-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலக் கோர்ட்டில் விவாகரத்து வாங்கினார், மறுமணமும் செய்துகொண்டார். முதல் மனைவி சும்மா இருக்கவில்லை, வழக்குத் தொடுத்தார். அந்த விவாகரத்து இங்கே செல்லாது என்று தீர்ப்பாயிற்று. மணம் நடந்த சட்டம் ஒப்பும் காரணம் வேண்டும். அல்லது எதிர்த்தரப்பின் சம்மதம் வேண்டும்.

பந்தம் அறுவது இப்படியென்றால், சொத்துப் பிரிவது அதைவிடச் சிக்கல். இங்குள்ள வீடு, நிலத்தின் உரிமையை இந்தியக் கோர்ட்டுதான் தீர்க்கவேண்டும். அமெரிக்காவில் தம்பதியர் சேர்த்த சொத்தைப் பங்கிடச் சட்டம் உண்டு. நம் இந்து திருமணச் சட்டத்தின் 27-ஆவது பிரிவோ, கல்யாணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருளோடு நின்றுவிடுகிறது. மனைவியின் சம்பளமும் சேர்ந்து கணவன் பெயரில் ஊரில் மனை வாங்கியிருந்தால், அவள் கதி என்ன?

2009-லேயே சட்டக் கமிஷன் தனது 219-ஆவது அறிக்கையில், வெளிநாடு வாழ் இந்தியரின் குடும்ப விவகாரங்களுக்குச் சட்டம் தேவை என்றது. அதில் சொத்துப் பங்கீட்டுக்கும் தெளிவான வழி செய்வது சர்க்காரின் கடமை.

பெற்றோரே, அதுவரை மனைப் பத்திரத்தை இருவர் பெயரிலும் எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டுக் கோர்ட் நோட்டீஸ் வந்தால் மூலையில் போடாதீர்கள். வக்கீலைக் கேளாமல் கையெழுத்தும் போடாதீர்கள். ஒரு கையெழுத்தே சம்மதமாகிவிடக்கூடும்!