ஒரே ஊர்தான், கட்டுரையாளரே

பெருமாள்முருகனின் இரண்டு நாவல்கள் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன என்று சாதிக்கிறது சென்ற இதழில் வந்த கட்டுரை. ‘மாதொருபாகன்’ (2010) நாவலில், திருச்செங்கோட்டு வைகாசித் தேரில் சாமி மலையேறும் இரவு, பிள்ளையில்லாத பெண் முன்பின் தெரியாதவனோடு சேர ஊரே வழிவிடுகிறது. ‘பூக்குழி’ (2013) நாவலிலோ, ஒருவன் வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான் என்பதற்காக அவளை ஊர் நெருப்பு வைத்துத் துரத்துகிறது. இவ்வளவு தாராளமான ஊர் இவ்வளவு கொடூரமாகவும் இருக்குமா? இருக்காது, ஆகவே இரண்டும் கட்டுக்கதை, ஆகவே கொங்குச் சமூகத்தின்மேல் வீசிய சேறு. போதாததற்கு ஒரு புத்திமதியும் உண்டு: புனிதம் பேசி மனிதரை வதைப்பது வெள்ளைக்காரத் தேவாலயத்து வியாதி, அதை நத்தானியல் ஹாதார்னும் ஆர்தர் மில்லரும் எழுதிவிட்டுப் போகட்டும், சேலம் நாமக்கல் பக்கம் இழுத்து வராதீர்கள்.

கட்டுரையாளர் நாவல்களைப் படித்தாரா, ‘மாதொருபாகன்’ எதிர்ப்புப் போராட்டத் துண்டறிக்கையைப் படித்தாரா என்ற சந்தேகம் எனக்கு முதல் பத்தியிலேயே வந்துவிட்டது.

தாராளம் என்கிறாரே, யாருடைய தாராளம்? ‘மாதொருபாகன்’ நாவலின் பிள்ளையில்லாத பொன்னாளைத் தேருக்கு அனுப்ப முடிவெடுப்பவர்கள் அவளைப் பெற்றவளும் மாமியாரும் அண்ணன் முத்துவும். கணவன் காளிக்குச் சம்மதம் என்று அவளிடம் பொய் சொல்கிறார்கள். காளியைக் குடிக்கக் கூட்டிப்போய் அப்புறப்படுத்துகிறார்கள். பன்னிரண்டு வருசமாக ‘வறடி’ என்று இடித்துக்காட்டி, நல்ல காரியத்தில் ஒதுக்கி நிறுத்தி, காட்டுக்கு யார் வாரிசு என்று கண் வைத்துக் காத்திருந்த ஊர் அது. அந்த ஊர் ஒரே ஒரு இரவுக்கு, அதுவும் வம்சத்துக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்பதற்காக, சாமி பேரைச் சொல்லிக் கதவைத் திறக்கிறது. பெண்ணின் விருப்பத்துக்குத் திறந்த கதவா அது?

காளி ஏன் மறுக்கிறான் என்பதையும் அவர் தாண்டிப் போகிறார். திருவிழாவில் திரியும் இளவட்டங்களில் பாதிக்கு மேல் தீண்டப்படாத சாதிக்காரர்கள், அவர்களில் ஒருவன் தொட்டுவிட்டால் அப்புறம் பொன்னாளைத் தன்னால் தொட முடியாது என்று அவன் நினைக்கிற இடம் நாவலில் இருக்கிறது. உயிருக்குயிராய் நேசிக்கிறவன் நினைப்பு அது! அந்த இடத்திலிருந்து ‘பூக்குழி’யின் காட்டுப்பட்டிக்கு எத்தனை தூரம்? சோடாக் கடை வேலைக்குப் போன குமரேசன் கூட்டிவந்த சரோஜாவை அவன் தாய் மாராயியே ஒப்பாரி வைத்துக் கரித்துக்கொட்டுகிறாள். சாதி தெரியாதவளை வைத்துக்கொண்டு நோம்பி சாட்ட முடியாது என்று ஊர் அவர்களைத் தள்ளி வைக்கிறது. சரோஜா கர்ப்பமாக இருக்கும்போதுதான் அவள் ஒளிந்த புதருக்குத் தீ வைக்கிறார்கள்.

ஒருத்திக்கு வயிறு நிறையவில்லை என்று ஊருக்கு ஆத்திரம், இன்னொருத்திக்கு நிறைந்துவிட்டது என்று ஆத்திரம். இரண்டு வயிற்றுக்கும் தானே சொந்தக்காரன் என்று ஊர் நினைக்கிறது. கட்டுரையாளர் கண்டுபிடித்த முரண்பாடு இவ்வளவுதான்.

இனி அந்த வெள்ளைக்கார வியாதி. ஹாதார்னின் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ (1850) நாவலில் கைக்குழந்தையோடு மேடையில் நிறுத்தப்பட்ட ஹெஸ்டரிடம் ஊர் கேட்பது ஒரு பெயர்: தகப்பன் யார்? அவள் சொல்ல மறுக்கிறாள். காட்டுப்பட்டிப் பஞ்சாயத்தும் குமரேசனிடம் ஒரு பெயரைத்தான் கேட்கிறது: என்ன சாதி? அவனும் வாயைத் திறப்பதில்லை. ஒப்பிடவே கூடாது என்பவர் இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வாசிக்கட்டும்.

வித்தியாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அது நமக்குப் பெருமை தருவதல்ல. மில்லரின் ‘தி க்ரூசிபிள்’ (1953) நாடகத்துக்கு அடிப்படையான 1692 மாசசூசெட்ஸ் வழக்குகளில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைக் கல்லேற்றிக் கொன்றார்கள். சூனியம் செய்தேன் என்று ஒப்புக்கொண்டவர்கள் தூக்கிலிருந்து தப்பினார்கள். அநியாயமான வழிதான், ஆனாலும் ஒரு வழி. பியூரிட்டன் பாவத்தை வாயால் சொல்லிக் கழித்துவிடலாம். சரோஜா எதை ஒப்புக்கொள்வாள், பிறந்ததையா? தீட்டுக்குப் பாவமன்னிப்பு கிடையாது. அந்த மாசசூசெட்ஸ்கூட ஐந்தே வருசத்தில், 1697இல், நடந்ததற்கு வருந்தி உபவாச நாள் அனுசரித்தது. தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சீவெல் சபை நடுவே எழுந்து நின்று பழியை ஏற்றுக்கொண்டார். நம் பக்கத்தில் அப்படி எழுந்து நின்றவர் யார்?

நாமக்கல்லில் 2015 ஜனவரி 12 அன்று நடந்ததைச் ‘சுமுகமான பேச்சுவார்த்தை’ என்று எழுதக் கட்டுரையாளருக்குக் கை கூசவில்லை. ‘மாதொருபாகன்’ புத்தகத்தைக் கொளுத்தி, கடையடைப்பு நடத்திய பிறகு, அதிகாரிகள் முன்னிலையில் ஒரு மனிதரிடம் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்குவது சுமுகமாம். மில்லரின் நாடகத்தில் ஜான் ப்ராக்டர் தான் கையெழுத்திட்ட தாளைக் கிழித்துவிட்டுத் தூக்குமேடைக்குப் போகிறார். இங்கே கையெழுத்துப் போட்ட எழுத்தாளர், பெருமாள்முருகன் என்னும் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு தீர்ப்பளித்தது. கட்டுரையில் இந்தத் தீர்ப்புக்கு ஒரு வரிகூட இல்லை. மறந்திருப்பார்!

கொங்குப் பக்கம் இப்படியெல்லாம் நடக்காது என்ற கடைசி வாதத்துக்கு வருகிறேன். ‘பூக்குழி’ தருமபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்ட நாவல். வேறு சாதிப் பெண்ணை மணந்த அந்தத் தலித் இளைஞர் 2013 ஜூலையில் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தார். அதை வேறு மாவட்டக் கதை என்று தள்ளுவாரானால் திருச்செங்கோட்டுக்கே வரலாம். நாமக்கல் மன்னிப்புக் கடிதத்தின் மை காய்ந்து ஐந்து மாதம் ஆன 2015 ஜூன் 23 அன்று, எந்த அர்த்தநாரீசுவரர் கோயிலின் மானம் காக்கப் புத்தகத்தை எரித்தார்களோ அந்தக் கோயிலிலிருந்து, வேறு சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்த ஓமலூர் கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். அவர் தலித், பொறியியல் பட்டதாரி. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. முதன்மைக் குற்றவாளிக்கு விதித்த தண்டனையை 2023இல் உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்தக் கொலையைக் கண்டித்துத் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்ததா என்று கட்டுரையாளர் அடுத்த இதழில் எழுதட்டும்.