ராஃபாவுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் ஒரே நியாயம்

திருவொற்றியூரில் மின்ரயில் ஏறி வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி. அங்கே ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. பெயின்ட் வேலைக்கு வெளியூர் போகும் ஆண்கள் கணக்கெடுப்பு நாளில் முகாமில் இருந்தாக வேண்டும். பெயர் வாசிக்கும்போது ஆள் இல்லாவிட்டால் மாத உதவித்தொகைக்குச் சிக்கல். கூலி போனாலும் பரவாயில்லை என்று ஓடி வருகிறார்கள்.

2021இல் தமிழக அரசு இத்தகைய முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் சூட்டியது, புது வீடுகளும் கட்டித் தந்தது. பாராட்டலாம். ஆனால் ஆள் கணக்கெடுப்பு மட்டும் நிற்கவில்லை.

வழியடைபட்ட ஊர் என்றால் என்னவென்று ஈழத்தமிழருக்குத் தெரியும். 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 சாலை முகமாலையில் மூடப்பட்டதும் யாழ்ப்பாணக் குடாநாடு தனித்தீவாகிப் போனது. கொழும்பு போக ராணுவ அனுமதிச் சீட்டு. அது கிடைத்தாலும் கப்பலிலோ விமானத்திலோ இடம் கிடைக்க வேண்டும். அரிசி, சீனி, பால்மா விலை எகிறியது.

காசாவில் அதே கதை, இன்னும் கொடூரமாக. 2007 முதல் இஸ்ரேலின் முற்றுகை. 2024 மே மாதம் எகிப்து எல்லையில் உள்ள ராஃபா கடவையை இஸ்ரேல் ராணுவம் கைப்பற்றியதும், வெளிநாட்டுச் சிகிச்சைக்குக் காத்திருந்த நோயாளிகளுக்கு அந்த வழியும் அடைபட்டது. காசா மீனவர்களுக்கு இஸ்ரேல்-பாலஸ்தீன ஓஸ்லோ உடன்பாடு தந்தது 20 கடல் மைல். நடைமுறையில் பல காலம் ஆறு, சில சமயம் மூன்று. காசிமேட்டு விசைப்படகுக்காரரிடம் சொன்னால், இதற்கு டீசல் எதற்கு என்பார்.

பாதுகாப்பு என்ற காரணம் எப்போதும் தயார். சந்தேகத்துக்குரிய ஆளைச் சோதிக்கட்டும். ஊரையே அடைப்பது கூட்டுத் தண்டனை. நடமாடவும், நாட்டைவிட்டுப் போகவும், திரும்பி வரவும் உள்ள உரிமையை 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 13ஆம் பிரிவு எல்லோருக்கும்தான் தந்தது.

பாலஸ்தீனத்துக்காக ஊர்வலம் போகும் தமிழகக் கட்சிகள், கும்மிடிப்பூண்டியின் தலைக்கணக்குப் பதிவேட்டை மூடச் சொல்லியும் குரல் கொடுக்க வேண்டும்.